வாக்குவம் கிளீனர் இழுக்கவில்லையா? அறிகுறியை வைத்து அடைப்பைக் கண்டுபிடிக்கும் வழி

வாக்குவம் கிளீனர் தூசியை இழுக்கவில்லை என்றால் "மோட்டார் போய்விட்டது" என்றுதான் பல வீடுகளில் முடிவு கட்டிவிடுகிறார்கள். அதன்பின் அது பழுது பார்க்கும் கடைக்குப் போகும். இல்லையென்றால் பரண் ஏறும். பெரும்பாலும் இரண்டுமே வீண். மோட்டார் ஓடும் சத்தம் நன்றாகக் கேட்கிறது, ஆனால் குப்பை ஏறவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மோட்டாரை அல்ல, காற்று போகும் வழியை. அந்த வழியைச் சரிபார்க்க மின்சார அறிவு தேவையில்லை. காற்று எங்கே நுழைகிறது, எதையெல்லாம் கடக்கிறது, எங்கே வெளியேறுகிறது என்று தெரிந்தால் போதும்.

நம் வீடுகளில் அதிகம் புழங்குவது சக்கரம் வைத்த டப்பாவும் நீளமான ஹோஸும் கொண்ட வகை. அதை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். தண்ணீரையும் இழுக்கும் வகை, கையில் பிடித்து ஓட்டும் கம்பியில்லா வகை ஆகியவற்றுக்கு வேறுபடும் இடங்களைப் பின்னால் சொல்கிறேன்.

காற்று முதலில் தரையில் உரசும் வாய்ப்பகுதியில் நுழைகிறது. அங்கிருந்து நீளக் குழாய்கள், கைப்பிடியில் உள்ள வளைவு, ஹோஸ், டப்பாவின் நுழைவாய், உள்ளே பை அல்லது தூசிக் கிண்ணம், அதன்பின் மோட்டாரைக் காக்கும் ஃபில்டர், மோட்டாரோடு சேர்ந்த விசிறி, கடைசியாக வெளியேறும் இடத்தில் இன்னொரு ஃபில்டர். விசிறி காற்றைப் பின்பக்கமாக வெளியே தள்ளுவதால் டப்பாவுக்குள் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறையை நிரப்ப வெளிக்காற்று பாய்ந்து வரும்போது தூசியையும் அடித்துக்கொண்டு வருகிறது. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். வீட்டு வாக்குவம் கிளீனர் அதில் ஏறக்குறைய 20 கிலோபாஸ்கலைத்தான் குறைக்கிறது. அதன் பலமே அவ்வளவுதான். ஆகவே வழியில் ஓர் இடம் இறுகினாலும் இயந்திரம் முழுவதும் சோர்ந்துவிடும்.

குழாயின் வாயை உள்ளங்கையால் மூடிப் பார்த்து, கையைப் பிடித்து இழுத்தால் இயந்திரம் நன்றாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் பலர். அந்தச் சோதனை ஏமாற்றும். ஃபில்டர் முக்கால்வாசி அடைத்திருந்தாலும், வாயை முழுவதும் மூடியபின் உள்ளே அழுத்தம் மெல்லக் குறைந்து கையைக் கவ்வத்தான் செய்யும். ஆனால் குப்பையைத் தூக்கி வருவது ஓடும் காற்று. கவ்வும் விசை இருந்தும் காற்றோட்டம் இல்லையென்றால் தரையில் கிடக்கும் ஒரு அரிசிமணிகூட மேலே வராது.

கையைவிடக் காது நம்பகமானது

அடைப்பு விழுந்ததும் மோட்டாரின் சத்தம் கீச்சென்று உயரும். மோட்டார் திணறுவதுபோலத் தோன்றினாலும் நடப்பது அதற்கு நேர்மாறானது. தள்ளுவதற்குக் காற்று கிடைக்காததால் விசிறிக்கு வேலை குறைந்து, அது முன்பைவிட வேகமாகச் சுற்றுகிறது. இந்தக் குரல் மாற்றத்தை வைத்தே அடைப்பு எந்தப் பாதியில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

ஹோஸை டப்பாவிலிருந்து முழுவதுமாகக் கழற்றிவிட்டு இயந்திரத்தை ஓடவிடுங்கள். கீச்சுக் குரல் இறங்கி வழக்கமான கனத்த சத்தம் வந்துவிட்டால், அடைப்பு நீங்கள் கழற்றிய பகுதியில், அதாவது ஹோஸ், குழாய், வாய்ப்பகுதி ஆகிய மூன்றில் ஒன்றில் இருக்கிறது. ஹோஸைக் கழற்றிய பின்னும் குரல் இறங்கவில்லை என்றால் அடைப்பு டப்பாவுக்குள்.

அடுத்து, டப்பாவின் நுழைவாயை உள்ளங்கையால் மூடித் திறந்து பாருங்கள். மூடும்போது சத்தம் ஏற வேண்டும், திறக்கும்போது இறங்க வேண்டும். மூடினாலும் திறந்தாலும் ஒரே கீச்சுக் குரல் என்றால், உங்கள் கை மூடுவதற்கு முன்பே உள்ளே ஏதோ மூடிக்கொண்டிருக்கிறது. மாறாக, மூடிய பிறகும் கனத்த சத்தமே நீடித்தால், காற்று வேறு எங்கிருந்தோ கசிந்து உள்ளே வருகிறது. அது அடைப்பு இல்லை, ஓட்டை.

இந்தச் சோதனைக்கு மின்சாரம் வேண்டும். இனி, ஓடவிடச் சொல்லும் இடங்களைத் தவிர, மற்ற எல்லா வேலைக்கும் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி வைத்துவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது; குழந்தைகள் இருக்கும் வீட்டில் நிச்சயமாகப் போதாது. பால்கனியிலோ முற்றத்திலோ பழைய செய்தித்தாளை விரித்து, முகக்கவசம் அணிந்துகொண்டு செய்யுங்கள். டார்ச், மழுங்கிய முனையுள்ள மாப் கட்டை, கத்தரிக்கோல், பழைய பல் துலக்கும் பிரஷ், ஒரு கோலிக்குண்டு. பெரும்பாலும் இவையே போதும்.

அறிகுறி: சத்தம் உச்சத்தில், இழுவை சுத்தமாக இல்லை

ஹோஸைக் கழற்றியதும் குரல் இறங்கியது என்றால் வாய்ப்பகுதியில் தொடங்கி மேலே வாருங்கள். வாய்ப்பகுதியைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். அதன் கழுத்து குறுகலாக இருக்கும். காகிதத் துண்டு, பிஸ்கட் உறை, குழந்தையின் சாக்ஸ் என்று பெரிய பொருள்கள் அங்கேயே நின்றுவிடும். விரலால் எடுத்துவிடலாம். நீளக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பாருங்கள். வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். பிறைபோலத் தெரிந்தால் உள்ளே ஏதோ ஒட்டியிருக்கிறது. குழாய் நேராக இருப்பதால் மாப் கட்டையால் ஒரு தள்ளு தள்ளினால் போதும்.

பெரும்பாலான அடைப்புகள் கைப்பிடி வளைவில்தான் உருவாகின்றன. அது உருவாகும் விதத்தைப் பார்த்தால் எப்படி எடுப்பது என்பதும் விளங்கிவிடும். தென்னந் துடைப்பத்தால் பெருக்கும் வீடுகளில் ஈர்க்குச்சி முறிந்து மூலைகளில் கிடக்கும். அது நேரான குழாயில் நீளவாக்கில் சிரமமின்றிச் சீறி வருகிறது. வளைவுக்கு வந்ததும் திரும்ப முடியாமல் குறுக்காக மாட்டிக்கொள்கிறது. அந்த நிமிடம் எதுவும் அடைக்கவில்லை. காற்று இருபக்கமும் தாராளமாகப் போகிறது. அடுத்து வரும் தலைமுடி ஒன்று ஈர்க்குச்சியில் சுற்றிக்கொள்கிறது. அதில் இன்னும் நான்கு முடி, நூல், பஞ்சு என்று சேர்ந்து ஒரு வலை ஆகிறது. பின் வரும் மெல்லிய தூசியெல்லாம் அந்த வலையில் படிந்து கம்பளிபோல் இறுகிவிடுகிறது. ஓடையில் குறுக்கே விழுந்த கிளையில் சருகு சேர்ந்து அணை ஆகுமே, அந்தக் கதைதான். காது குடையும் குச்சி, ஹேர்பின், பேனா மூடியின் கொக்கி, உடைந்த பிளாஸ்டிக் ஸ்பூன் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும்.

ஆகவே வளைவில் தெரியும் முடிக்கட்டை மேலோட்டமாகப் பிய்த்து எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். அடியில் குறுக்காக இருக்கும் குச்சி வெளியே வரவேண்டும். அது அங்கேயே இருந்தால் அடுத்த முறை பெருக்கும்போதே புதிய கட்டு கட்டத் தொடங்கிவிடும். டார்ச் அடித்துப் பார்த்து, விரலோ இடுக்கியோ கொண்டு குச்சியின் ஒரு முனையைத் தளர்த்தினால், மொத்தக் கட்டும் ஒரே உருண்டையாக வெளியே வரும்.

ஹோஸுக்கு வருவோம். அது வளைந்து நெளிவதால் டார்ச் வெளிச்சம் உதவாது. கோலிக்குண்டு உதவும். ஹோஸின் ஒரு முனையை உயர்த்திப் பிடித்துக் குண்டை உள்ளே விடுங்கள். ஹோஸின் உட்சுவர் வரிவரியாக இருப்பதால் குண்டு கடகடவென்று சத்தமிட்டபடி உருளும். சத்தம் எங்கே நிற்கிறதோ அங்கே அடைப்பு. வீட்டு வகை ஹோஸ்களின் உள்விட்டம் பொதுவாக 3 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். கோலிக்குண்டு அதில் பாதிதான். எனவே வழி சுத்தமாக இருந்தால் குண்டு தடையின்றி மறுபக்கம் விழுந்துவிடும். விழுந்த குண்டை எடுத்துவிட்டீர்களா என்று பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள்.

அடைப்பின் இடம் தெரிந்ததும் அதை வந்த வழியிலேயே திருப்பி அனுப்புவதுதான் சுலபம். முன்னே தள்ளினால் இன்னும் இறுகும். நம் கடைகளில் விற்கும் டப்பா வகைகள் பலவற்றில் காற்றை ஊதும் வாய் ஒன்று பின்பக்கத்தில் உண்டு. வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்களே அதிகம். ஹோஸின் டப்பாப் பக்க முனையை அந்த ஊதுவாயில் பொருத்துங்கள். கைப்பிடி முனையைப் பழைய தலையணை உறைக்குள் நுழைத்து, கழுத்தைக் கயிற்றால் கட்டிவிடுங்கள். இப்போது பிளக்கை மாட்டி ஓடவிட்டால் காற்று எதிர்த்திசையில் பாயும். ஹோஸை நீட்டியும் சுருக்கியும் லேசாக ஆட்டுங்கள். இறுகிய கட்டு "பொத்" என்று உறைக்குள் வந்து விழும். உறையைக் கட்டாமல் இதைச் செய்தால் அறை முழுவதையும் மறுபடி சுத்தம் செய்ய நேரிடும்.

ஊதுவாய் இல்லாத இயந்திரம் என்றால் ஹோஸைத் தலைகீழாக்குங்கள். கைப்பிடி முனையை டப்பாவின் நுழைவாயில் கையால் இறுக்கிப் பிடித்து ஓடவிட்டால், அடைப்பு வந்த வழியிலேயே திரும்பி டப்பாவுக்குள் வந்துவிடும். அதற்கும் அசையவில்லை என்றால் மாப் கட்டையை மெல்லச் செலுத்தலாம். இரும்புக் கம்பியும் ஸ்க்ரூடிரைவரும் வேண்டவே வேண்டாம். ஹோஸின் சுவர் மெல்லியது. அதில் விழும் சிறு கிழிசல்கூட அடைப்பைவிடப் பெரிய தொல்லை. எண்ணெய்ப் பிசுக்கோ இனிப்புப் பாகோ ஒட்டி அடைத்திருந்தால், மின்கம்பி ஓடாத சாதாரண ஹோஸை வெதுவெதுப்பான நீரில் அலசி, தொங்கவிட்டு, உட்புறம் முழுவதும் காய்ந்த பிறகு பொருத்தலாம். சுற்றும் பிரஷுக்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பி உள்ள ஹோஸில் தண்ணீர் படக்கூடாது.

அறிகுறி: முதலில் நன்றாக இழுக்கிறது, சில நிமிடங்களில் தளர்ந்துவிடுகிறது

இது ஃபில்டர், அல்லது பை. ஹோஸில் இருக்கும் அடைப்பு இப்படி நடந்துகொள்வது அபூர்வம்.

பை நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பவர்கள், நிரம்பவில்லை என்றால் நிம்மதியாக மூடிவிடுகிறார்கள். பாதிகூட நிரம்பாத பையும் அடைத்திருக்கலாம். பையின் துணியோ காகிதமோதான் முதல் வடிகட்டி. காற்று அதன் நுண்துளைகள் வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும். 1901இல் இங்கிலாந்தில் ஹியூபர்ட் செசில் பூத் உறிஞ்சும் இயந்திரத்தை உருவாக்கும் முன், நாற்காலியின் மேல் கைக்குட்டையை விரித்து வாயால் காற்றை உறிஞ்சிப் பார்த்தார். துணியின் மறுபக்கத்தில் தூசி படிந்திருந்தது. இன்றும் அடிப்படை மாறவில்லை. துணியில் படிந்த தூசியே அடுத்து வரும் காற்றுக்குச் சுவராகிவிடுகிறது.

எந்தத் தூசி என்பதுதான் கேள்வி. முடியும் பஞ்சும் பையை நிரப்பும், ஆனால் துளைகளை அடைப்பதில்லை. துளைகளை அடைப்பது மாவுபோன்ற பொடிகள். வாசலில் சிந்திய கோலமாவு, பூஜை அறையில் கொட்டிய விபூதி, முகத்துக்குப் போடும் பவுடர், சுவரைத் துளையிட்டபோது விழுந்த சிமெண்ட் தூள், பட்டி பார்த்த சுவரைத் தேய்த்த வெண்பொடி எல்லாம் இந்த வகை. பட்டிப் பொடி இவற்றில் மிக மோசமானது. ஓர் அறையின் பட்டிப் பொடியை வீட்டு வாக்குவம் கிளீனரால் எடுக்க முயன்றால், அறை முடிவதற்குள் ஃபில்டர் மூடிக்கொள்ளும். அதை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். கோலமாவையும் அப்படியே. போகிக்கு முன் பரணை இறக்கிச் சுத்தம் செய்யும் வாரத்தில்தான் இயந்திரம் "கெட்டுப்போகிறது" என்று பலர் சொல்வதற்கு இதுவே காரணம்: ஆண்டுக்கணக்காக அசையாமல் படிந்த தூசி பவுடரைப் போலவே மெல்லியது.

காகிதப் பையைத் தட்டிக் காலி செய்து மறுபடி போடுவதில் பயனில்லை. துளைகள் அடைத்தது அடைத்ததுதான். புதிய பை போடுங்கள். துணிப் பையை வெளிப்பக்கம் உள்ளே போகும்படி புரட்டி, திறந்த வெளியில் நன்றாக உதறி, பிரஷால் தேய்க்கலாம். தூசிக் கிண்ணம் உள்ள இயந்திரத்தில் கிண்ணத்தின் நடுவே சல்லடைபோன்ற ஓர் உருளை இருக்கும். முடியும் நூலும் அதைச் சுற்றிப் போர்த்தியிருக்கும். கிண்ணத்தைக் காலி செய்பவர்கள் அந்தச் சல்லடையைப் பார்ப்பதில்லை. பல் துலக்கும் பிரஷால் அதன் துளைகளைத் தேய்த்துவிடுங்கள்.

மோட்டாருக்கு முன்னால் இருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கழுவலாம். குழாய்த் தண்ணீரில், தண்ணீர் தெளியும் வரை அழுத்தி அழுத்தி விடுங்கள். துணி பிழிவதுபோல் முறுக்கினால் கிழியும். சோப்பு வேண்டாம். அதைவிட முக்கியமானது உலர்த்துவது. நிழலில், காற்றோட்டமான இடத்தில் குறைந்தது 24 மணி நேரம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இரண்டு நாள் ஆனாலும் ஆகட்டும். வெளியே தொட்டால் உலர்ந்ததுபோல் இருக்கும். இரு விரலால் அழுத்திப் பிடித்தால் நடுவில் குளிர்ச்சி தெரியும். அந்தக் குளிர்ச்சி போகும் வரை பொருத்தாதீர்கள். ஈர ஸ்பாஞ்சில் தூசி பட்டால் அது சேறாகி உள்ளேயே இறுகிவிடும். பிறகு எவ்வளவு கழுவினாலும் பழைய நிலை வராது. இரண்டாவது ஸ்பாஞ்ச் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவது, மழை பெய்யும் ஊரில் செலவே அல்ல.

மடிப்பு மடிப்பாக விசிறிபோல் இருக்கும் ஹெப்பா ஃபில்டருக்கு இந்த விதி பொருந்தாது. அமெரிக்கத் தரப்படி ஹெப்பா என்று சொல்ல வேண்டுமானால் 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். அதற்கேற்ப அதன் இழைகள் அவ்வளவு நெருக்கமானவை. கழுவலாம் என்று அதன்மேல் எழுதியிருந்தால் ஒழியத் தண்ணீர் காட்டாதீர்கள். செய்தித்தாளின்மேல் மெல்லத் தட்டி உதிர்க்கலாம். பிரஷால் தேய்த்தால் இழைகள் பிரிந்து, பார்வைக்குச் சுத்தமாகவும் வேலைக்கு உதவாததாகவும் ஆகிவிடும். சாம்பல் நிறம் மாறாமல் நின்றுவிட்டால் புதிது வாங்க வேண்டியதுதான்.

ஃபில்டரா இல்லையா என்ற சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வழி: ஃபில்டரைக் கழற்றிவிட்டுச் சில விநாடிகள் மட்டும் ஓடவிட்டுக் குரலைக் கேளுங்கள். குரல் சட்டென்று இறங்கினால் அதுதான் அடைத்திருக்கிறது. சுத்தமான இடத்தில், காலி டப்பாவில், சில விநாடிகள் மட்டும். ஃபில்டர் இல்லாமல் தரையைச் சுத்தம் செய்தால் தூசி நேராக மோட்டாருக்குள் போகும்.

அறிகுறி: சத்தம் வழக்கம்போல, இழுவை மட்டும் குறைவு

குரல் உயரவில்லை என்றால் காற்று தாராளமாக ஓடுகிறது, ஆனால் வாய்ப்பகுதி வழியாக ஓடவில்லை. முதலில் கைப்பிடியில் இருக்கும் சிறிய நகர்த்து மூடியைப் பாருங்கள். திரைச்சீலையைச் சுத்தம் செய்யும்போது இழுவையைக் குறைப்பதற்காக வைத்த ஓட்டை அது. யாரோ திறந்துவைத்திருப்பார்கள். அதை மூடினால் கோளாறு முடிந்தது. அடுத்தது டப்பாவின் மூடியைச் சுற்றி ஓடும் ரப்பர் வாஷர். அதன்மேல் ஒரு முடிக்கற்றை கிடந்தாலும் காற்று கசியும். மூன்றாவது ஹோஸின் கழுத்து. டப்பாவை ஹோஸைப் பிடித்து இழுத்துச் செல்லும் பழக்கத்தால் கைப்பிடிக்கு அருகிலோ டப்பாவுக்கு அருகிலோ கிழிசல் விடும். ஹோஸை வளைத்துப் பிடித்தால் கிழிசல் வாயைத் திறக்கும். அகலமான பிசின் டேப்பைச் சுற்றிச் சில காலம் ஓட்டலாம். கிழிசல் முனையில் இருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி பொருத்திக்கொள்ளலாம்.

விசில்போன்ற ஒலி கேட்டால் காற்று மிகக் குறுகிய துளையில் நுழைகிறது என்று பொருள். வாயில் குறுக்காகக் கிடக்கும் பொருளாக இருக்கலாம், சரியாக மூடாத மூடியாக இருக்கலாம். சில இயந்திரங்களில் அடைப்பு விழும்போது மோட்டாரைக் காப்பதற்காகத் தானே திறந்துகொள்ளும் வால்வு ஒன்று உண்டு. அதன் சீற்றமும் இதே மாதிரிதான் இருக்கும். அதை டேப் ஒட்டி மூடிவிடாதீர்கள்.

அறிகுறி: ஓடிக்கொண்டே இருந்து தானாக நின்றுவிட்டது

பெரும்பாலான வீட்டு இயந்திரங்களில் மோட்டாரைக் குளிர்விப்பதும் அது இழுக்கும் காற்றேதான். அடைப்போடு தொடர்ந்து ஓட்டினால் காற்று கிடைக்காமல் மோட்டார் சூடேறுகிறது. குறிப்பிட்ட சூட்டில் உள்ளே இருக்கும் வெப்பப் பாதுகாப்பு இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. இயந்திரம் செத்துவிட்டது என்று பதற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, அடைப்பை நீக்கி, அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆறவிடுங்கள். மீண்டும் ஓடும். ஆனால் ஆறியதும் ஓடுகிறதே என்று அடைப்பைத் தேடாமல் திரும்பத் திரும்ப இப்படியே ஓட்டுபவர்கள் உண்மையிலேயே மோட்டாரைக் கொல்கிறார்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வழி முழுவதும் சுத்தமாக இருந்தும் நிற்கிறது என்றால் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். 1,400 வாட் இயந்திரம் 230 வோல்ட்டில் 6 ஆம்பியருக்குமேல் இழுக்கும். மெல்லிய நீட்டிப்புக் கம்பியில் மாட்டினால் கம்பியும் பிளக்கும் சுடும். அது அடைப்பில்லாத வேறு கோளாறு. சுவரில் உள்ள 16 ஆம்பியர் பிளக் பாயிண்டில் நேராக மாட்டுங்கள்.

அறிகுறி: ஏறிய குப்பை திரும்பக் கொட்டுகிறது

சுவிட்சை அணைத்ததும் வாய்ப்பகுதியிலிருந்து குப்பை உதிர்ந்தால், அது டப்பா வரை போகவே இல்லை. குழாயிலோ வளைவிலோ பாதி அடைப்பு. மேலே சொன்ன ஈர்க்குச்சியைத் தேடுங்கள்.

அறிகுறி: பிரஷ் சுற்றவில்லை

பிரஷ் எதனால் சுற்றுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டப்பா வகைக்குத் தனியாக விற்கும் டர்போ பிரஷ், ஓடும் காற்றின் விசையிலேயே சுற்றுகிறது. அது நின்றுவிட்டது என்றால் பிரஷில் கோளாறு இருக்க வேண்டும் என்பதில்லை. ஃபில்டர் அடைத்துக் காற்று குறைந்தாலும் நிற்கும். ஃபில்டரைச் சரிசெய்தபின் பிரஷைக் கழற்றுங்கள்.

தனி மோட்டாரால் சுற்றும் பிரஷ் என்றால் தலைமுடிதான் முதல் குற்றவாளி. உருளையைக் கவிழ்த்தால் நீளவாக்கில் ஒரு பள்ளம் தெரியும். கத்தரிக்கோலின் ஒரு அலகை அதில் விட்டு, முடியைக் குறுக்கே வெட்டி, பிறகு இரு பக்கமும் உரித்து எடுங்கள். சுற்றிய திசையிலேயே பிரிக்க முயன்றால் பொழுது போய்விடும். முடியோடு பூச்சரத்தின் நாரும் புடவை ஓரத்து நூலும் கிடைக்கும். வாழைநார் காய்ந்தால் கம்பிபோல் இறுகும் என்பதால் உதிர்ந்த பூச்சரத்தைக் கையால் பொறுக்கிவிட்டுப் பெருக்குங்கள். உருளையின் இரு முனைகளிலும் உள்ள மூடிகளைக் கழற்றிப் பார்ப்பதுதான் பலர் விட்டுவிடும் வேலை. வெளியே ஒரு முடிகூடத் தெரியாமல் இருக்கும். மூடியைக் கழற்றினால் அச்சைச் சுற்றி வட்டமாக, தட்டையாக, வாஷர் என்றே நினைக்கும்படி முடி இறுகியிருக்கும். அதை எடுத்ததும் உருளை விரல் பட்டாலே சுழலும். ரப்பர் கருகும் வாடை வந்திருந்தால் உருளையைச் சுழற்றும் ரப்பர் பெல்ட்டையும் பாருங்கள். தளர்ந்திருந்தாலோ ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தாலோ மாற்ற வேண்டும்.

அறிகுறி: பை காலியாக இருந்தும் சிவப்பு அடையாளம்

பை நிரம்பினால் சிவப்பு காட்டும் என்று டப்பாவில் வைத்திருக்கும் சிறு கண்ணாடிச் சாளரம் பைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. அழுத்த வேறுபாட்டைத்தான் காட்டுகிறது. ஹோஸ் அடைத்தாலும், வாய்ப்பகுதி மிதியடியில் ஒட்டிக்கொண்டாலும் சிவப்பு வரும். வாய்ப்பகுதியைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்துப் பாருங்கள்; அப்போதும் சிவப்பு நின்றால் அடைப்பு உண்மை.

அறிகுறி: பின்பக்கம் தூசி வருகிறது, அல்லது நாற்றம்

தூசி வந்தால் பை கிழிந்திருக்கிறது அல்லது ஃபில்டர் தன் இடத்தில் உட்காரவில்லை. கழுவிய பிறகு தலைகீழாகப் பொருத்துவது சகஜம். உடனே நிறுத்துங்கள், ஏனென்றால் அந்தத் தூசி மோட்டாரைக் கடந்து வருகிறது.

மக்கிய வாடை என்றால் ஈரம் காயாமல் பொருத்திய ஃபில்டர், அல்லது பைக்குள் இறந்த கரப்பான் பூச்சி. பையில் உள்ளதை மாதக்கணக்கில் வைத்திருக்காமல் கொட்டிவிடுங்கள். கருகும் வாடை வேறு விஷயம். சாம்பிராணிக் கரியையோ கொசுவத்திச் சாம்பலையோ சூடு ஆறுவதற்குள் இழுத்தீர்களா? அணைந்ததுபோல் தோன்றும் கரி, காற்று பட்டதும் உள்ளே மீண்டும் கனியும். சுற்றிலும் பஞ்சும் காகிதமும் இருக்கின்றன. பிளக்கைப் பிடுங்கி டப்பாவை வெளியே கொண்டுபோய்த் திறங்கள்.

தண்ணீர் இழுக்கும் வகை

தண்ணீரை இழுத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று குரல் உயர்ந்து இழுவை நின்றால் அது அடைப்பு அல்ல. டப்பா நிரம்பியதும் மிதவை ஒன்று எழும்பி மோட்டாருக்குப் போகும் வழியை மூடிவிடுகிறது. அணைத்து, தண்ணீரைக் கொட்டினால் மிதவை இறங்கிவிடும். காலி டப்பாவிலும் இதே நிலை என்றால் மிதவை கூண்டில் சிக்கியிருக்கிறது. சேறு படிந்திருக்கும், கழுவுங்கள். சோப்பு நுரையை இழுக்கும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. நுரைக்கு மிதவையைத் தூக்கும் கனம் கிடையாது. மிதவை எழாமலே நுரை மோட்டாரை எட்டிவிடும். தண்ணீருக்கு முன் துணிப் பையையும் காகிதப் பையையும் கழற்றிவிட வேண்டும். அதன்பின் மீண்டும் தூசிக்கு மாறும்போது டப்பாவும் ஹோஸும் உலர்ந்திருக்க வேண்டும். ஈர ஹோஸில் கோலமாவு போனால் பசையாகிவிடும்.

கம்பியில்லா வகை

இதில் அடைப்பு வேறு விதமாகத் தெரியும். பல மாடல்களில் மோட்டார் விட்டு விட்டுத் துடிக்கும், ஒரு விநாடி ஓடி ஒரு விநாடி நிற்கும். பேட்டரி போய்விட்டது என்று நினைத்துப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். ஃபில்டரைக் கழுவி, தூசிக் கிண்ணத்தின் நுழைவாயில் உள்ள சிறு மடிப்புக் கதவுக்குப் பின்னால் விரலை விட்டுப் பாருங்கள். இந்த வகையில் பாதை குறுகலானது, எனவே ஒரு பாட்டில் மூடியே போதும் வழியை மறிக்க. பேட்டரி கழற்றக்கூடியது என்றால் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். முடியாது என்றால் விசையில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுற்றும் பிரஷுக்குள் விரல் இருக்கும்போது அது ஓடிவிடக்கூடாது.

கடைக்குக் கொண்டுபோக வேண்டிய நேரம்

வழி முழுவதும் சுத்தம், ஃபில்டர் சுத்தம், கசிவு இல்லை, ஆறவிட்டும் ஆகிவிட்டது. இருந்தும் இழுவை இல்லை என்றால் நம் வேலை முடிந்தது. மோட்டாரின் துளைகள் வழியாகத் தொடர்ந்து பொறி பறப்பதும், கருகிய வாடை விடாமல் வருவதும் கார்பன் பிரஷ், அதாவது மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு, தேய்ந்ததற்கான அடையாளமாக இருக்கலாம். அது பல மாடல்களில் மாற்றக்கூடிய சிறு பொருள்தான். உள்ளே கல் உருளுவதுபோல் சத்தம் கேட்டால் ஏதோ ஒன்று விசிறி வரை போய்விட்டது. இனி ஒரு முறையும் ஓடவிடாதீர்கள்.

கடைக்குப் போகும்போது டப்பாவை மட்டும் தூக்கிக்கொண்டு போகாமல் ஹோஸ், குழாய், வாய்ப்பகுதி எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். டப்பாவையும் பையையும் காலி செய்துவிடுங்கள். "இழுக்கவில்லை" என்று மட்டும் சொல்லாமல், ஹோஸைக் கழற்றியபோது குரல் இறங்கியதா, வாயை மூடியபோது ஏறியதா, எத்தனை நிமிடத்தில் நின்றது என்பதைச் சொல்லுங்கள். இவற்றைக் கேட்டதுமே மெக்கானிக் எந்தப் பகுதியைத் திறக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார். தேவையில்லாமல் மோட்டார் மாற்றச் சொன்னால் ஏன் என்று கேட்க உங்களுக்கும் வழி இருக்கும்.